நோயாளர் விடுதியின் வழக்கத்தை மாற்றிய புனித கமில்லஸ்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர் தோட்டங்களில் வாழும் நம் குடும்பங்களுக்கு வைத்தியம் என்பது இரண்டு படிகளைக் கொண்டது. முதற்படி, தோட்டத்து டிஸ்பென்சரி. அங்கே தீராத நோய்க்குத் துண்டு எழுதித் தரப்படும். அந்தத் துண்டை மடித்து எடுத்துக்கொண்டு பலாங்கொடைக்கோ, இறக்குவானைக்கோ, எட்டியாந்தோட்டைக்கோ, மாவட்டத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கோ செல்வது இரண்டாம் படி. இந்த இரு படிகளுக்கும் நடுவே பல மைல் மலைப்பாதை கிடக்கிறது; ஓர் அச்சமும் கிடக்கிறது. ஊசிக்கும் கத்திக்கும் அஞ்சாதவர்கள்கூட, வாட்டில் ஏசுவார்களே என்று அஞ்சித் துண்டை லயத்துக் காம்பராவிலேயே வைத்திருந்து நோயை முற்றவிட்டதுண்டு. பிரசவ வலி கண்ட பின்னும் புறப்படத் தயங்கிய தாய்மார் உண்டு. அதே ஆஸ்பத்திரியில், தமிழ் அறியாத தாதி ஒருவர், சிங்களம் அறியாத முதியவரின் கையைப் பற்றிச் சைகையாலேயே பேசிச் சோறூட்டியதையும் நம் மக்கள் நன்றியோடு சொல்லக் கேட்டிருக்கிறோம்.

ஒரே கட்டடம், ஒரே சம்பளம், ஒரே சீருடை. ஆயினும் ஒரு வாட்டில் கனிவு வழக்கமாயிருக்கிறது, பக்கத்து வாட்டில் கடுமை வழக்கமாயிருக்கிறது. நல்ல மனிதர்கள் ஒரு பக்கமும் தீய மனிதர்கள் மறுபக்கமும் எப்படியோ பிரிந்து வேலைக்கு வந்துவிட்டார்கள் என்று எண்ணுவது எளிது. திருச்சபை ஜூலை 14ஆம் நாள் நினைவுகூரும் புனித கமில்லஸ் தே லெல்லிஸின் வாழ்வை அறிந்தவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள். ஏனெனில் அவர் ஒரே மருத்துவமனையில் முதலில் மிக மோசமான ஊழியராகவும், பின்னர் மிகச் சிறந்த ஊழியராகவும் இருந்தவர்.

கமில்லஸ் 1550ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் இத்தாலியின் அப்ரூச்சிப் பகுதியில், புக்கியானிக்கோ என்னும் சிற்றூரில் பிறந்தார். தாய் கமில்லா அறுபதை நெருங்கிய வயதில் அவரைப் பெற்றெடுத்தார் என்று அவர் வரலாறு கூறுகிறது. மகன் மார்பில் சிலுவை அணிந்து, சிலுவை அணிந்த ஒரு கூட்டத்தின் முன்னே நடப்பதாக அத்தாய் கனவு கண்டு கலங்கினாராம். மகன் கொள்ளைக் கூட்டத்துக்குத் தலைவனாகிவிடுவானோ என்பது அவருடைய பயம். மகனின் இளமையைப் பார்த்தால் அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. தந்தை ஜியோவான்னி கூலிப்படையில் அதிகாரி. வீட்டில் இருந்ததைவிடப் பாசறையில் இருந்த நாட்களே அதிகம். தாய் இறந்தபின் பையனைக் கட்டுப்படுத்த ஆளில்லை. ஆறரை அடி உயரம், முன்கோபம், சூதாட்டம். தந்தையோடு படையில் சேரப் புறப்பட்ட பயணத்திலேயே தந்தையும் நோயுற்று இறந்தார். அந்நாட்களில் கமில்லஸின் காலில் தோன்றிய ஒரு புண், சாகும்வரை ஆறவில்லை.

அந்தப் புண்தான் 1571இல் அவரை உரோமைக்குக் கொண்டுவந்தது. அங்கே தீராப் பிணியாளருக்கென்று இருந்த புனித யாக்கோபு மருத்துவமனையில் நோயாளியாகச் சேர்ந்தார். கையில் பணமில்லாததால், சிகிச்சைக்கு ஈடாக அங்கேயே ஊழியம் செய்ய ஒப்புக்கொண்டார். அவர் செய்த ஊழியத்தின் இலட்சணத்தை அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் மறைக்கவில்லை. மற்ற ஊழியரோடு ஓயாத சண்டை. நோயாளரைப் படுக்கையில் விட்டுவிட்டு, தைபர் ஆற்றங்கரைக்குப் போய்ப் படகோட்டிகளோடு சீட்டாட்டம். படுக்கைக்கு அடியிலும் சீட்டுக்கட்டு. பலமுறை கண்டித்தும் பயனின்றி நிர்வாகம் அவரை வெளியேற்றியது.

இங்கே சற்று நிற்க வேண்டும். புனிதர்களின் வரலாற்றைப் படிக்கும்போது இத்தகைய பக்கங்களை நாம் விரைந்து தாண்டிவிடுகிறோம். கமில்லஸின் பிற்காலப் பணி முழுவதற்கும் விதை இங்கேதான் இருக்கிறது. அக்காலத்து உரோமை மருத்துவமனைகளில் வேறெங்கும் வேலை கிடைக்காதவர்களே பெரும்பாலும் நோயாளர் பணிக்கு வந்தனர். கூலி சொற்பம், வேலை அருவருப்பானது, இரவும் பகலும் ஓயாதது. நோயாளர் அழைத்தால் வராமல் இருப்பது அங்கே குற்றமாகக் கருதப்படவில்லை. எல்லாரும் அப்படித்தான் இருந்தார்கள். உணவைக் கட்டிலருகே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். எழ முடியாதவர் பட்டினி கிடப்பார். உயிர் பிரியுமுன்னரே பிணவறைக்குத் தூக்கிச் செல்லப்பட்டவர்களும் இருந்தனர். அந்தக் கூட்டத்தில் புதிதாக வந்து சேர்ந்த ஓர் இளைஞன் எதைக் கற்பான்? பாசறையில் கற்ற முரட்டுத்தனத்துக்கு அந்த விடுதியில் எதிர்ப்பே எழவில்லை. கமில்லஸ் வெளியேற்றப்பட்டதும், நோயாளரைக் கைவிட்டதற்காக மட்டும் அன்று, சண்டைக்காகவும் சூதாட்டத்துக்காகவும்தான்.

நம் தோட்டங்களின் பழைய கதையும் இதற்கு வெகு தொலைவில் இல்லை. 1872ஆம் ஆண்டு ஆங்கில அரசு தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கெனச் சட்டம் இயற்றியது. கோப்பித் தோட்டங்களில் ஆட்கள் மடிந்துகொண்டிருந்தார்கள். ஆள் இல்லாவிட்டால் அறுவடை இல்லை. ஆகவே வைத்தியமும் பிரட்டுக் களத்தின் ஒரு பகுதியாகவே தொடங்கியது. நோயாளி உண்மையில் நோயாளியா, வேலைக்கு டிமிக்கி கொடுப்பவரா என்று பார்ப்பது மருந்து கொடுப்பவரின் முதற்கடமையாயிற்று. துரையிடமிருந்து கணக்கப்பிள்ளைக்கும், கணக்கப்பிள்ளையிடமிருந்து கங்காணிக்கும் இறங்கி வந்த அதட்டல், டிஸ்பென்சரி வாசலிலும் கேட்டது. சட்டங்கள் மாறின. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. ஆனால் குரலின் தொனி சட்டத்தால் மாறுவதில்லை. முன்னர் வேலை செய்தவரிடமிருந்து பின்னர் வந்தவர் அதைக் காதால் கற்றுக்கொள்கிறார்.

கமில்லஸ் மறுபடி படையில் சேர்ந்தார். வெனிஸ் குடியரசுக்காகத் துருக்கியரோடு போரிட்டார். 1574இல் நேப்பிள்ஸ் நகரில் வாளையும் மேலங்கியையும் சட்டையையும்கூடச் சூதில் இழந்தார். பிச்சையெடுத்து அலைந்தவருக்கு மன்பிரதோனியா ஊரில் கப்புச்சின் துறவியர் மடம் ஒன்றைக் கட்டும் இடத்தில் சுண்ணாம்பும் கல்லும் சுமக்கும் வேலை கிடைத்தது. அங்கே ஒரு துறவி அவரிடம் கடவுளைப் பற்றி அன்போடு பேசினார். மறுநாள், 1575 பெப்ரவரி 2ஆம் நாள், வழியில் கழுதையிலிருந்து இறங்கி மண்ணில் முழந்தாளிட்டு அழுதார். அதன்பின் அவர் சீட்டைத் தொடவில்லை.

கப்புச்சின் துறவியாக விரும்பினார். சபையினரும் ஏற்றனர். ஆனால் துறவு அங்கி உராய்ந்து காற்புண் திறந்துகொண்டது. மீண்டும் புனித யாக்கோபு மருத்துவமனைக்கே அனுப்பப்பட்டார். குணமாகித் திரும்பினால் மறுபடியும் புண். துறவற வாசல் இருமுறை அடைபட்டது. சூதாடி என்று துரத்தப்பட்ட அதே வாசல்தான் அவருக்குத் திறந்திருந்தது.

இம்முறை படுக்கை விரிப்பவராகவும், உணவூட்டுபவராகவும், இரவில் காவலிருப்பவராகவும் ஊழியம் செய்தார். அவரை வெளியேற்றிய நிர்வாகமே சில ஆண்டுகளில் அவரை மருத்துவமனையின் இல்ல மேலாளராக நியமித்தது. அதிகாரம் கையில் வந்தது. அன்று கமில்லஸ் செய்தது, இன்று நல்ல மனம் படைத்த எந்தப் பொறுப்பாளரும் முதலில் செய்வதுதான். கட்டளைகள் இட்டார். நள்ளிரவில் முன்னறிவிப்பின்றிச் சுற்றி வந்து, உறங்கிக்கொண்டிருந்த ஊழியரை எழுப்பினார். கடமை தவறியவரைக் கண்டித்தார். அவர் நடந்து வரும் ஓசை கேட்டால் எல்லாரும் சுறுசுறுப்பானார்கள். ஓசை அடங்கியதும் விடுதி பழையபடி ஆயிற்று. கண்காணிப்பினால் வேலையைப் பெறலாம், பரிவைப் பெற முடியாது என்பதை அவர் அந்த ஆண்டுகளில் கண்டுகொண்டார். கங்காணி இருக்கும்வரை மட்டுமே நிறையும் கூடையைப் பார்த்திருக்கும் நம் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1582ஆம் ஆண்டு, தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளை ஒட்டிய ஓர் இரவில், விடுதியின் நடுவே நின்றபோது அவருக்கு ஓர் எண்ணம் உதித்தது. கூலிக்காக அன்றி, கடவுளின்மீது கொண்ட அன்புக்காக, ஒரு தாய் தன் நோயுற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் நோயாளரைப் பார்க்கும் சிலர் ஒன்று சேர்ந்தால் என்ன? தனி மனிதனின் நற்குணம் விடுதியின் வழக்கத்தால் தேய்ந்துபோகும். வழக்கத்தை எதிர்க்க இன்னொரு வழக்கம் வேண்டும். அதற்கு ஒருவர் போதாது, ஒரு குழு வேண்டும். அவரோடு சேர்ந்தவர்கள் ஐந்து பேர். வெளியிலிருந்து அழைத்துவரப்பட்ட துறவியர் அல்லர். அதே மருத்துவமனையில் அவரோடு பணியாற்றியவர்கள். ஒரு சிறு அறையில் பாடுபட்ட சுரூபம் ஒன்றை வைத்து, வேலை நேரம் போக அங்கே கூடிச் செபித்தார்கள். பின்னர் விடுதிக்குள் போய், பிறர் தொடத் தயங்கிய வேலைகளை முதலில் எடுத்துச் செய்தார்கள்.

இதை நிர்வாகம் மகிழ்ந்து வரவேற்றிருக்கும் என்று நினைப்போம். நடந்தது வேறு. இவர்கள் ஒன்றுகூடி மருத்துவமனையையே கைப்பற்றப் பார்க்கிறார்கள் என்று சந்தேகம் எழுந்தது. செப அறை கலைக்கப்பட்டது. கூடுவதற்குத் தடை வந்தது. நன்றாக வேலை செய்பவர்கள் தம்மைக் குறை சொல்வதாக மற்றவர்களுக்குத் தோன்றுவது எல்லாப் பணியிடங்களிலும் உண்டு. புதிதாக வந்த தாதிப் பிள்ளை நோயாளியோடு சற்று அதிக நேரம் பேசினால், நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறாள் என்று முணுமுணுப்பு எழுவது அந்தப் பழைய உரோமையில் மட்டும்தானா? கமில்லஸ் மனம் உடைந்தார். பாடுபட்ட சுரூபத்தின்முன் அழுதபோது, இந்தப் பணி உன்னுடையதன்று, என்னுடையது என்ற பொருள்பட ஆண்டவர் தேற்றியதாக அவர் உணர்ந்தார். அவருடைய ஆன்ம வழிகாட்டியான புனித பிலிப்பு நேரியே மருத்துவமனைப் பொறுப்பை விட்டு விலக வேண்டாமென்று தடுத்தும், அவர் விலகினார். இரு புனிதர்கள் கருத்து வேறுபட்ட இடம் அது.

அதற்குள் முப்பது வயது கடந்தவர் சிறுவரோடு அமர்ந்து இலத்தீன் படித்து, 1584இல் குருவானார். உரோமையில் நாடிழந்து வாழ்ந்த ஆங்கிலேய ஆயர் தோமஸ் கோல்ட்வெல் அவருக்குக் குருத்துவம் வழங்கினார். அதன்பின் கமில்லஸும் தோழரும் நாள்தோறும் தைபர் ஆற்றைக் கடந்து பரிசுத்த ஆவி மருத்துவமனைக்குச் சென்றனர். 120 மீற்றர் நீண்ட அதன் பெருங்கூடம் இன்றும் உரோமையில் நிற்கிறது. இரு பக்கமும் வரிசையாகக் கட்டில்கள். அங்கே அவர்களுக்கு எந்தப் பதவியும் இல்லை, எவருக்கும் கட்டளையிடும் உரிமையும் இல்லை. நல்லதாயிற்று என்றே சொல்லத் தோன்றுகிறது. கட்டளையிட முடியாதவரின் கையில் மீதமிருப்பது செய்து காட்டுவது ஒன்றே.

செய்து காட்டியதை எழுதியும் வைத்தார். நோயாளர் பணிக்கென அவர் வகுத்த விதிகள் பெரிய தத்துவங்கள் அல்ல. படுக்கையைச் சீராக்கும்போது நோயாளியை வருத்தாமல் எப்படிச் செய்வது, உண்ண மறுப்பவருக்கு எப்படிப் பொறுமையோடு ஊட்டுவது, இறக்கும் தறுவாயில் இருப்பவரைத் தனியே விடாதிருப்பது என்பன போன்றவை. ஏழை நோயாளரிடம் கடுஞ்சொல்லும் தகாத நடத்தையும் கூடாதென்பது அவற்றுள் தெளிவாகவே கூறப்பட்ட ஒரு விதி. வைத்தியக் குறிப்போடு மருந்தோடு கடுஞ்சொல்லையும் சேர்த்து எண்ணி, அதுவும் நோயாளியின் உடலைப் பாதிக்கும் ஒன்றென 400 ஆண்டுகளுக்கு முன்பே அவர் அறிந்திருந்தார். உயிர் பிரிந்ததாகத் தோன்றினாலும் உடனே முகத்தை மூடாமல், சற்று நேரம் அருகிருந்து செபிக்க வேண்டுமென்றும் பழக்கினார். உயிரோடு பிணவறைக்குப் போனவர்களை அவர் பார்த்திருந்தார் அல்லவா? தோழர்களின் கைகள் இயந்திரம்போல் இயங்கக் கண்டால், அந்தக் கைகளில் இன்னும் கொஞ்சம் இதயம் வேண்டுமென்று சொல்வது அவர் வழக்கம்.

1586இல் பாப்பிறை ஐந்தாம் சிக்ஸ்துஸ் இக்குழுவை அங்கீகரித்து, மார்பில் செஞ்சிலுவை அணிய அனுமதித்தார். தாயின் கனவுக்கு அன்று பொருள் விளங்கியது. 1591இல் துறவற சபையாக உயர்ந்தபோது, கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்ற மூன்றோடு, உயிருக்கு ஆபத்து நேரினும் நோயாளருக்கு ஊழியம் செய்வோம் என்ற நான்காவது வார்த்தைப்பாட்டையும் கொடுத்தார்கள். அது வெறும் சொல்லாக நிற்கவில்லை. 1589இலேயே நேப்பிள்ஸ் கரையோரம் கொள்ளைநோய் கண்ட படையினரைப் பராமரிக்கப் போன தோழர்கள் சிலர் அந்நோயாலேயே இறந்திருந்தனர்.

நம் நாட்டிலும் இதே வழி நடந்தவர் ஒருவர் உண்டு. 1697இல் கண்டி நகரில் பெரியம்மை பரவியபோது அரசனும் பிரதானிகளும் நகரை விட்டு நீங்கினர். நோயுற்றோரை உறவினரே காட்டோரம் விட்டுச் சென்றனர். அவர்களைக் கூட்டிவந்து, புண் கழுவி, உணவூட்டி, இறந்தோரைத் தம் கையால் அடக்கம் செய்தவர் புனித யோசப் வாஸ். கைவிடுவது நாட்டு வழக்கமாயிருந்த நாளில் அவர் கைவிடவில்லை.

கமில்லஸின் சபைக்குள்ளும் பூசல் வந்தது. இதை மறைப்பது சரியன்று. மருத்துவமனையின் முழு ஊழியத்தையும், துப்புரவு முதல் இரவுக் காவல் வரை, தம் சபையே ஏற்க வேண்டுமென்றார் அவர். மறுத்தவர்கள் சோம்பேறிகள் அல்லர். ஆட்கள் போதாது, கடன் ஏறுகிறது, இளந்துறவியர் உழைத்து மடிகிறார்கள் என்றார்கள். அவர்கள் சொன்னதும் உண்மை. ஒருவர் கையில் அளவுக்கு மிஞ்சிய நோயாளரை ஒப்படைத்துவிட்டு, ஏன் சிரிக்கவில்லை என்று கேட்பது அநியாயம். இன்று ஆஸ்பத்திரித் தரையில் பாய் விரித்துக் கிடக்கும் நோயாளரின் நடுவே ஓடும் தாதியருக்கும் சிற்றூழியருக்கும் அந்த அநியாயம் நன்கு தெரியும். கமில்லஸ் இக்கேள்விக்கு முழு விடை காணவில்லை. 1607இல் தலைமைப் பதவியைத் துறந்து, சாதாரண ஊழியராக விடுதிக்கே திரும்பினார்.

பரிசுத்த ஆவி மருத்துவமனையின் ஊழியர் அவரை எப்படி நினைத்தார்கள் என்பதற்கு 1598ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புக்கு முந்திய இரவைச் சொன்னால் போதும். தைபர் ஆறு, உரோமை அதுவரை கண்டிராத அளவுக்குப் பெருகியது. களுகங்கை வீட்டுக்குள் வருவதைக் கண்ட இரத்தினபுரி மக்களுக்கு அந்த இரவின் இருள் புரியும். தண்ணீர் கீழ்விடுதிக்குள் ஏறப்போகிறது என்று கமில்லஸ் சொன்னபோது பொறுப்பிலிருந்தோர் நம்பவில்லை. அவர் காத்திருக்கவில்லை; ஆறாத புண்ணோடு முதல் நோயாளியைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். தோழர்கள் பின்தொடர்ந்தனர். பின்னர் கூலி ஊழியரும் வந்து தோள் கொடுத்தனர். கடைசி நோயாளியும் மேலே போய்ச் சேர்ந்தபோது, கீழே கட்டில்களைத் தண்ணீர் மூடியிருந்தது.

1614 ஜூலை 14ஆம் நாள் கமில்லஸ் உரோமையில் காலமானார். பதினான்காம் ஆசீர்வாதப்பர் 1746இல் அவரைப் புனிதராக உயர்த்தினார். பதின்மூன்றாம் சிங்கராயர் 1886இல் அவரை, இறைவனின் புனித யோவானோடு சேர்த்து, நோயாளருக்கும் மருத்துவமனைகளுக்கும் பாதுகாவலராக்கினார். 1930இல் பதினோராம் பத்திநாதர் தாதியரையும் அவர்களின் பாதுகாப்பில் வைத்தார்.

தோட்டத்துப் பிள்ளைகள் உயர்தர விஞ்ஞானப் பிரிவில் தேறித் தாதியர் பயிற்சிக்குப் போவது ஒரு காலத்தில் அரிதினும் அரிது. இன்று அங்கொருவர் இங்கொருவராகப் போகிறார்கள். லயத்திலிருந்து அப்படி ஒரு பிள்ளை புறப்படும்போது கோயிலில் பூசை ஒப்புக்கொடுக்கிறோம். சீருடைக்குப் பணம் சேர்க்கிறோம். அவள் முதன்முதலாகப் போய் நிற்கும் வாட்டில், நோயாளி அழைக்கும்போது மூத்தவர்கள் திரும்பிப் பார்க்கிறார்களா என்பதை அவள் முதல் இரவிலேயே கவனித்துவிடுவாள்.

கமில்லஸ் தம் கடைசி மாதங்களில் நடக்க முடியாமற்போன பின்னும் இரவில் எழுந்துவிடுவாராம். ஒரு கட்டிலைப் பிடித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்து, ஒவ்வொருவரிடமும் ஏதாவது வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே போவார்.